மகளுக்கு, கும்பகோணத்திலிருந்து

ஐப்பசி 20

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம். மூன்று நாளாக மழை விட்டு விட்டுப் பெய்கிறது. கொல்லையில் முருங்கைக் கிளை ஒன்று முறிந்து விழுந்தது, வேறு சேதம் இல்லை.

போன வாரம் போனில் நீ கேட்டது மனசிலேயே நிற்கிறது. "எழுபத்து மூணு வயசாச்சு, முழங்கால் வலி வேற. இன்னும் எதுக்கும்மா அந்த வேன்ல ஏறிப் போறே?" என்றாய். அது நீ வழக்கமாகக் கேட்பதுதான். அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த ஞாயித்துக்கிழமையெல்லாம் எங்களுக்குக் கிடைக்கலியேம்மா" என்றாய். எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த ஒரு நாளைச் சொல்லிவிடுகிறேன். 1994. மறுநாள் உனக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. நான் கோயிலில் புல் செதுக்கிச் சுத்தம் செய்யும் உழவாரப் பணிக்குத் திருக்கோடிக்காவல் போயிருந்தேன். திரும்பும்போது வழியில் வேன் நின்றுவிட்டது. வீடு வந்து சேர ராத்திரி பத்தரை. தம்பிக்கு ரசம் சோறு பிசைந்து கொடுத்துத் தூங்க வைத்துவிட்டு, நீ சாப்பிடாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தாய். மடியில் புத்தகம், தெருவிளக்கு வெளிச்சம். என்னைப் பார்த்ததும் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து உள்ளே போனாய். வேன் நின்றதற்கு நான் என்ன செய்ய முடியும் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேன் நின்றது என் தப்பில்லை, அன்றைக்கு நான் கிளம்பியதுதான் தப்பு. இதை அப்போதே உன் கையைப் பிடித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

ஏன் போனேன் என்பதை உனக்கு நான் சொன்னதே இல்லை. 1988-ல் அப்பா போனபோது எனக்கு 36 வயசு, உனக்கு 9, தம்பிக்கு 5. வாத்தியார் வேலை இருந்தது, சோற்றுக்குக் கஷ்டமில்லை. ஆனால் அடுத்த தை மாதம் சொந்தத்தில் ஒரு வளைகாப்பு. பழக்கத்தில் நான் சந்தனக் கிண்ணத்தைக் கையில் எடுத்துவிட்டேன். வயசான ஒருத்தர் வந்து, கோபமே இல்லாமல், கிண்ணத்தை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டு, "நீ உள்ள போய் சாம்பார் அடிபிடிக்காமப் பாரும்மா" என்றார். திட்டியிருந்தால்கூட அழுதிருப்பேன். போய் சாம்பாரைக் கிளறிக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு எந்த விசேஷத்திலும் கூடத்துக்கு வந்ததில்லை. கோயிலுக்குப் போனாலும் சாமியிடம் கேட்க எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அந்த வருஷமே ஒருநாள், ஆற்றங்கரையில் ஒரு சின்னக் கோயில் வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தேன். உள்ளே பத்துப் பேர் புல் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு தையற்காரப் பெரியவர் வந்து, நீளக் காம்பு போட்ட உழவாரம் ஒன்றை நீட்டி, "அம்மா, அந்த மதிலோரம் ஒரே நெருஞ்சியா கெடக்கு. சுத்தி வர்றவங்க காலைக் குத்துது. கொஞ்சம் பாருங்க" என்றார். என் நெற்றியை அவர் பார்க்கவில்லை. நான் யார், எந்தத் தெரு என்றுகூடக் கேட்கவில்லை. ரெண்டு மணி நேரம் செதுக்கினேன். உள்ளங்கை கொப்புளித்துப் போயிற்று. அன்றைக்கு ராத்திரிதான், அப்பா போன பிறகு முதல் தடவையாக, விடியும்வரை தூங்கினேன்.

உழவாரம் என்றாலே எல்லாரும் அப்பரைச் சொல்வார்கள். திருப்புகலூரில் அவர் செதுக்கிய இடத்தில் பொன்னும் மணியும் கிடந்ததையும், அதைப் புல்லோடு புல்லாக அள்ளிக் குளத்தில் எறிந்ததையும் சொல்வார்கள். எனக்கு மனசு ஒட்டுவது அவருடைய அக்காவிடம்தான். திலகவதியாருக்கு நிச்சயித்திருந்த கலிப்பகையார் போரில் போய்விட்டார். அப்பா அம்மாவும் இல்லை. தானும் உயிரை விடத் துணிந்தவர், தம்பிக்கு யாருமில்லையே என்று இருந்தார். அப்புறம் திருவதிகையில் தினமும் கோயிலைக் கூட்டினார், சாணமிட்டு மெழுகினார், பூத் தொடுத்தார். சூலை நோயோடு வந்த தம்பிக்குத் திருநீறு கொடுத்தவரும் அவர்தான். தம்பிக்காக உயிரை வைத்துக்கொண்டவருக்கு, அந்த உயிரைத் தாங்கிப் பிடிக்க ஒரு விளக்குமாறு வேண்டியிருந்தது என்று நினைத்துக்கொள்வேன். எனக்கு நீங்கள் ரெண்டு பேரும் இருந்தீர்கள். திங்கட்கிழமை காலையில் உனக்கு இரட்டைப் பின்னல் போட்டுவிட்ட அம்மா, மாதத்தில் ஒரு ஞாயிறு புல் செதுக்கப் போனதால்தான் எழுந்து நின்றாள். இதை உன் மனசைத் தேற்றச் சொல்லவில்லை. நடந்தது இதுதான்.

ஒரு கல்லிடுக்கில் காக்கை எச்சத்தோடு அரச விதை விழுந்தால் என்ன ஆகும் என்று நீ கிட்டத்தில் பார்த்ததில்லை. முதல் மழைக்கு ரெண்டு இலை விடும். அதைக் கிள்ளிப் போட்டால் போதும் என்று தோன்றும். கிள்ளக் கிள்ள அது கீழே தடிக்கும். நாலைந்து வருஷத்தில் வேர் கல்லைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும், மழைத்தண்ணீர் அந்த வழியாகவே உள்ளே இறங்கும். அதனால் இந்த ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் நுனி வேர்வரை உருவி எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் அறுந்துவிடும். வேர் முழுசாக வரும்போது கைக்கே தெரியும், உள்ளேயிருந்து ஒரு பிடி விட்டுக்கொடுக்கிற மாதிரி இருக்கும்.

அந்தத் திருக்கோடிக்காவல் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய கோயிலைச் சோழ அரசி செம்பியன் மாதேவி கற்றளியாக, அதாவது கற்கோயிலாக, கட்டுவித்தபோது, பழைய கற்களில் இருந்த சாசனங்களை வீணாக விடாமல் புதுச் சுவரில் திரும்ப வெட்டச் சொன்னார். கணவர் கண்டராதித்தரை இழந்த பிறகு நெடுங்காலம் வாழ்ந்து, ஊர் ஊராகக் கோயில் எடுப்பித்த மகராசி. அந்தக் கல்வெட்டில் "இதுவும் ஒரு பழங்கற்படி" என்றே வெட்டியிருக்கிறது. இது பழைய கல்லின் நகல் என்று அர்த்தம். எண்ணெய்ப் பிசுக்கை ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தபோது, குழுவில் எழுத்து படிக்கத் தெரிந்த ஒருவர் விரலை வைத்து வாசித்துக் காட்டினார். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால், இது என்னுடையது இல்லை, பழையது, என்று சொல்லி வைத்துவிட்டுப் போயிருக்கிறாளே ஒருத்தி என்று எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த ராத்திரிதான் நீ திண்ணையில் உட்கார்ந்திருந்தாய். ரெண்டும் ஒரே நாளில் நடந்தது. எனக்கு ஒன்றை நினைத்தால் மற்றதும் கூடவே வரும்.

இப்போது நான் மதில் பக்கமெல்லாம் போவதில்லை. பயப்படாதே. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து முப்பது பேருக்குப் புளியோதரை கிளறி எடுத்துப் போகிறேன். புதிதாக வரும் காலேஜ் பிள்ளைகளிடம், எழுத்து இருக்கும் கல்லில் இரும்பு படக் கூடாது, சோப்புத்தூள் போடக் கூடாது, சாமி மேல் கை வைக்கக் கூடாது, செயல் அலுவலர் அனுமதி இல்லாமல் எதையும் தொடக் கூடாது என்று சொல்லிக்கொடுக்கிறேன். நந்தவனத்தில் உட்கார்ந்தபடி கோரைக்கிழங்கு தோண்டுகிறேன். அந்தத் தையற்காரப் பெரியவர் போய்ப் பதினொரு வருஷமாகிறது, அவர் உழவாரம் என்னிடம்தான் இருக்கிறது. காம்பு மட்டும் ரெண்டு தடவை மாற்றியாயிற்று.

உன்னோடு வந்து இருக்கச் சொன்னாய். கோடையில் ரெண்டு மாதம் வருகிறேன், பேத்திக்குத் தமிழ் எழுதச் சொல்லித் தருகிறேன். சித்திரை சதயம் அப்பர் குருபூசை முடிந்ததும் டிக்கெட் போடு. தையில் நீ இங்கே வரும்போது ஒரு ஞாயிறு முழுக்க உனக்குத்தான். எங்கே போகலாம், என்ன சமைக்கலாம் என்பதை நீயே சொல்.

வரும்போது முழங்காலுக்குப் போடும் பட்டை ஒரு ஜோடி வாங்கி வா. இங்கே வாங்கியது குந்தி உட்கார்ந்தால் நழுவிவிடுகிறது.

அன்புடன்,
அம்மா