ஒன்பது பிரதிகளில் 32 பக்கங்கள் இல்லை: பதிப்பகத்துக்கு ஒரு புகார் கடிதம்

குடியாத்தம், வேலூர் மாவட்டம்
21.07.2025

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: ஸ்கிரிப்டிங் மொழிகள், ஆபரேட்டிங் சிஸ்டம் உள்ளமைப்பு ஆகிய இரண்டு நூல்கள், 12 செட், விடுபட்ட பக்கங்களும் தவறான நிரல்களும் குறித்து.

ஐயா / அம்மா,

குடியாத்தத்தில் என் வீட்டு மாடியில் மாலை நேரத்தில் 11 பிள்ளைகளுக்கு லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டமும் பைத்தான் நிரல்மொழியும் சொல்லித் தருகிறேன். கட்டணம் வாங்குவதில்லை. பெரும்பாலும் பாலிடெக்னிக் படிப்பவர்கள், பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்கள். லுங்கித் தறி வீட்டுப் பிள்ளைகள் நாலு பேர், தீப்பெட்டி வேலைக்குப் போகும் குடும்பத்திலிருந்து மூன்று பேர். இந்த விஷயங்களைத் தமிழில் விரிவாகச் சொல்லும் புத்தகம் எளிதில் கிடைப்பதில்லை. அதனால் உங்கள் இணையதளத்தில் இந்த இரண்டு நூல்களைப் பார்த்தபோது மனசு நிறைந்தது. செட் ஒன்று 1,150 ரூபாய். ஜூன் 2-ஆம் தேதி 12 செட்டுக்கு 13,800 ரூபாய் கட்டினேன். பிள்ளைகள் ஆளுக்கு 700 ரூபாய் தவணையாகக் கொடுத்தார்கள், மீதி என் பணம்.

ஜூன் 9-ஆம் தேதி பார்சல் வந்தது. முதலில் ஆபரேட்டிங் சிஸ்டம் நூலைச் சொல்கிறேன்.

அதில் 176-ஆம் பக்கத்துக்கு அடுத்து 177 இல்லை. மறுபடியும் 145 வருகிறது. 145 முதல் 176 வரை இரண்டு முறை இருக்கிறது, 177 முதல் 208 வரை இல்லவே இல்லை. 12 பிரதிகளில் ஒன்பது இப்படி. என் பெரியப்பா வேலூரில் நாற்பது வருஷம் பைண்டிங் வேலை செய்தவர். புத்தகத்தைக் கையில் வாங்கி, முதுகுப் பக்கத் தையலை விரித்துப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்: 16 பக்கம் சேர்த்து மடித்த தாள்தான் ஒரு பாரம். 12, 13-ஆம் பாரங்களை எடுக்க வேண்டிய இடத்தில் 10, 11-ஐயே திரும்ப எடுத்து அடுக்கியிருக்கிறார்கள். தைப்பதற்கு முன்னால் பாரம் எண்ணை ஒருமுறை ஓட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்றார்.

போனது எந்த 32 பக்கம் என்று பாருங்கள். நினைவக மேலாண்மை. ஃபோர்க் என்ற அழைப்பை, அதாவது ஓடும் நிரல் (ப்ராசஸ்) ஒன்று தன்னைப் போலவே இன்னொன்றை உருவாக்கும் வழியை, உங்கள் ஆசிரியர் அவ்வளவு அழகாக விளக்கிக்கொண்டு வருகிறார். தாய் ப்ராசஸிலிருந்து சேய் ப்ராசஸ் பிறக்கும்போது நினைவகம் முழுவதையும் உடனே நகலெடுப்பதில்லை, இரண்டும் ஒரே பக்கங்களைத்தான் (நினைவகத்தைப் பிரித்து வைத்த சிறு துண்டுகளுக்கும் பக்கம் என்றுதான் பெயர்) பகிர்ந்துகொள்கின்றன என்கிறார். 176-ஆம் பக்கத்தின் கடைசி வரி இது: “இரண்டில் ஏதாவது ஒன்று அந்தப் பக்கத்தில் எழுத முயலும்போது”. அவ்வளவுதான். எதிர்ப்பக்கத்தில் மறுபடியும் 145-ஆம் பக்கத்தின் கோப்பு அனுமதிகள் பற்றிய அத்தியாயம். எழுத முயலும்போது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியான கர்னல் குறுக்கிட்டு அந்த ஒரு பக்கத்தை மட்டும், வழக்கமாக 4,096 பைட், நகலெடுத்துக் கொடுக்கும் என்பதுதான் அந்தப் பாடத்தின் உயிர். அதற்குப் பின் வரவேண்டிய பேஜ் டேபிள், பேஜ் ஃபால்ட் பாடங்கள் எல்லாமும் போயிற்று. 209-ஆம் பக்கத்தில் இருக்கும் பயிற்சிக் கேள்விகளோ 190-ஆம் பக்கத்துப் படத்தைப் பார்க்கச் சொல்கின்றன.

அட்டையில் ‘முற்றிலும் திருத்திய புதிய பதிப்பு, 2024’ என்று போட்டிருக்கிறீர்கள். உள்ளே, எந்த நிரல் எப்போது ஓட வேண்டும் என்று முடிவுசெய்யும் ஷெட்யூலர் பற்றிய அத்தியாயம் லினக்ஸ் 2.6-இன் தொடக்க காலத்தோடு நின்றுவிடுகிறது. 2007-இல் 2.6.23-ஆம் பதிப்பிலேயே சி.எஃப்.எஸ். என்ற புதிய ஷெட்யூலர் வந்துவிட்டது. 2023-இல் 6.6-ஆம் பதிப்பில் அதன் இடத்துக்கும் வேறு முறை வந்துவிட்டது. பழைய புத்தகம் என்பதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஃபோர்க்கைப் பற்றி இருபது வருஷத்துக்கு முன்னால் எழுதியது இன்றைக்கும் உதவும். பழையதைப் பழையது என்று அச்சிட்டிருந்தால் நானே பார்த்து வாங்கியிருப்பேன்.

அடுத்தது ஸ்கிரிப்டிங் நூல். அட்டையில் பைத்தான் 3. உள்ளே பாதி நிரல்கள் பைத்தான் 2. அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பிரிண்ட் கட்டளைக்கு அடைப்புக்குறி இல்லாமல் அச்சிட்டிருப்பது பெரிய தொல்லை இல்லை, கம்ப்யூட்டரே பிழை காட்டும், பிள்ளைகள் திருத்திக்கொள்வார்கள். பிழை காட்டாத தவறுதான் ஆளைக் கொல்கிறது.

என் வகுப்பில் ஒரு பெண். அப்பா தறி ஓட்டுகிறார். அண்ணனுக்கு அரசு கொடுத்த பழைய லேப்டாப்பில்தான் படிக்கிறாள். 61-ஆம் பக்கத்தில் 7-ஐ 2-ஆல் வகுக்கும் நிரல், விடை 3 என்று அச்சாகியிருக்கிறது. அவளுக்கு 3.5 வந்தது. பைத்தான் 2-இல் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் தசமம் வராது, 3-இல் வரும். இது அவளுக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். பைத்தானை நீக்கிவிட்டு இரண்டு முறை மறுபடி நிறுவியிருக்கிறாள். மூன்று நாள் மாலை இதிலேயே போயிருக்கிறது. நாலாம் நாள் என்னிடம் வந்து, “சார், நான் எதனா தப்பா அடிச்சிட்டேனா? புக்குல தப்பு இருக்காதில்ல?” என்று கேட்டாள். அவள் அடித்தது சரி, வந்த விடையும் சரி. உங்கள் புத்தகம்தான் தப்பு. பக்கத்தில் கேட்க ஆள் இல்லாத பிள்ளை, புத்தகத்தில் பிழை இருந்தால் தனக்கு அறிவு போதவில்லை என்றுதான் நினைக்கும். நான் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்ததே அவள் கேட்ட கேள்விக்காகத்தான்.

88 முதல் 94 வரை நிரல் வரிகள் எல்லாம் இடது ஓரத்தில் ஒட்டி நிற்கின்றன. பைத்தானில் வரி உள்ளே தள்ளி இருப்பதுதான் இலக்கணம். தள்ளல் போனால், திரும்பத் திரும்ப ஓடும் பகுதியான லூப் எங்கே முடிகிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

தட்டச்சு செய்யும் கட்டளைகளை இயக்கும் ஷெல் பற்றிய பகுதியில் நடந்தது இன்னும் மோசம். விசைப்பலகையில் 1-க்கு இடப்பக்கம் இருக்கும் பேக்டிக் குறிக்குப் பதிலாக, எல்லா இடத்திலும் ஒற்றை மேற்கோள்குறி அச்சாகியிருக்கிறது. பேக்டிக் போட்டால் ஷெல் உள்ளே இருக்கும் கட்டளையை இயக்கி விடையை எடுத்துக்கொள்ளும். ஒற்றை மேற்கோள் போட்டால் அதை வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். என் மாணவன் ஒருவன் 132-ஆம் பக்கத்து பேக்கப் ஸ்கிரிப்டை அப்படியே அடித்து, தன் மாமாவின் துணிக்கடைக் கணக்குக்கு வைத்துக் கொடுத்தான். தினமும் அன்றைய தேதியோடு ஒரு கோப்பு சேர வேண்டும். கோப்புப் பெயரில் தேதிக்குப் பதிலாக அந்தக் கட்டளையின் எழுத்துகளே உட்கார்ந்துகொண்டன. பெயர் மாறாததால் ஒவ்வொரு இரவும் முந்தைய நாள் கோப்பின் மேலேயே எழுதப்பட்டது. எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு பழைய பட்டியலைத் தேடியபோதுதான் இருப்பது ஒரே ஒரு கோப்பு என்று தெரிந்தது. மாமா திட்டியது அவனை.

ஜூன் 23-ஆம் தேதி படங்களோடு மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் இல்லை. ஜூலை 4-ஆம் தேதி போன் செய்தேன். பார்சல் பிரித்த புத்தகத்தைத் திரும்ப எடுக்க மாட்டோம், நிரல்கள் வேண்டுமானால் பின்னட்டை க்யூஆர் குறியில் இருக்கின்றன என்றார்கள். அந்தக் குறி வெற்றுப் பக்கத்துக்குப் போகிறது. பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினார், அவரைக் குறை சொல்லவில்லை. அப்புறம், பிரிக்காமல் 177-ஆம் பக்கம் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

நான் கேட்பது இவ்வளவுதான். பக்கம் விடுபட்ட ஒன்பது பிரதிகளுக்கும் முழுப் பிரதி உங்கள் செலவில் வர வேண்டும். பழையவற்றை உங்கள் கூரியர் ஆளே வந்து எடுத்துக்கொள்ள வேண்டும், கட்டைத் தூக்கிக்கொண்டு வேலூர் வரை பஸ் ஏற என்னால் ஆகாது. ஸ்கிரிப்டிங் நூலுக்குத் திருத்தப் பட்டியலை அச்சிட்டு 12 பிரதிக்கும் அனுப்புங்கள். முடியாதென்றால் அந்த நூலின் விலையைத் திருப்பித் தாருங்கள். கிடங்கில் இருக்கும் மற்ற பிரதிகளையும் பிரித்துப் பாருங்கள், எந்த ஊரிலோ இன்னொரு பிள்ளை அதே 61-ஆம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.

இணைய விற்பனைக்கான 2020 விதிகளின்படி புகாருக்கு 48 மணி நேரத்தில் ஒப்புகையும், ஒரு மாதத்தில் தீர்வும் தர வேண்டும். ஆகஸ்ட் 21 வரை பார்ப்பேன். அதற்குப் பின் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்துவிட்டு, எங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். வழக்கு நடத்த எனக்கு விருப்பமில்லை. ஃபோர்க் அத்தியாயத்தை எழுதியவரின் மீதி 32 பக்கங்கள்தான் எனக்கு வேண்டும்.

அந்த ஆசிரியருக்கு இந்தக் கடிதத்தின் நகல் ஒன்றைக் கொடுங்கள். அவருடைய எழுத்து இப்படி வெளிவந்திருப்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

இணைப்பு: பணம் கட்டிய ரசீது, 176-ஆம் பக்கமும் அதற்கு எதிர்ப்பக்கமும் சேர்ந்த ஒன்பது படங்கள், 61, 88, 132-ஆம் பக்கப் படங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்