ஆம்பூலை மறுபடி அனுப்புங்கள்

தேசிய அளவீட்டு ஆய்வகங்களில் கதிரியக்கப் பிரிவை நடத்துவோருக்கு,

வணக்கம். நான் அணு மருத்துவப் பிரிவில் வேலை பார்க்கும் இயற்பியலாளன். ஊசி போடுவதற்கு முன் மருந்துக் குப்பியை, அதன் கதிரியக்கத்தை அளக்கும் கருவியான டோஸ் கேலிப்ரேட்டரின் குழிக்குள் இறக்குவேன். திரையில் எண் சற்றே ஏறி இறங்கி நிற்கும். இத்தனை மெகாபெக்கரல் என்று குறித்துக்கொள்வேன் (நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் ஒரு பெக்கரல், மெகா என்றால் பத்து லட்சம்). உங்கள் அளவீட்டுத் தரத்தோடு ஒப்பிட்டுச் சரிசெய்த கருவி என்பதால்தான் அந்த எண்ணை நம்புகிறேன்.

உங்கள் எண்ணை யார் சரிபார்ப்பது? பெக்கரலுக்குப் படிக்கல் கிடையாது. செய்து வைத்தாலும் சிதைந்து தீர்ந்துபோகும். அதற்காகத்தான் 1976 முதல் பாரிஸை அடுத்த செவ்ரில், சர்வதேச எடை அளவை அலுவலகத்தில், ஓர் ஏற்பாடு இருக்கிறது. நீங்கள் அளந்த கரைசலில் சுமார் 3.6 கிராமைக் கண்ணாடி ஆம்பூலில் மூடி அனுப்புகிறீர்கள். அங்கே அயனியாக்கக் கலத்தில் (கதிர்வீச்சை மின்னோட்டமாக அளக்கும் கருவி) வைத்து, பாதியாகச் சிதையவே 1600 ஆண்டு எடுக்கும் ரேடியம்-226 கதிர் மூலத்தோடு ஒப்பிடுகிறார்கள். மூலம் ஏறக்குறைய மாறாததால், எப்போதோ இன்னொரு நாடு அனுப்பிய ஆம்பூலோடும் உங்களுடையதை ஒப்பிட முடிகிறது. (சொல்லப்போனால், இந்த எளிமைமேல் எனக்கு ஒரு மயக்கமே உண்டு.)

ஒப்பிடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை ரேடியம்-223 காட்டியது. எலும்புக்குப் பரவிய புரோஸ்டேட் புற்றுநோய்க்குத் தரும் மருந்து அது. அமெரிக்காவின் தேசிய அளவீட்டு ஆய்வகமான என்ஐஎஸ்டி வகுத்த தரம் பிற ஆய்வகங்களின் அளவோடு ஒட்டவில்லை. வித்தியாசம் சுமார் 10 விழுக்காடு. பழைய தரவையும் கிளறிப் பார்த்து, 2015இல் தங்கள் தரத்தைத் தாங்களே திருத்தி வெளியிட்டார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 50 கிலோபெக்கரல் என்றிருந்த டோஸ் 55 ஆனது. நோயாளிக்குப் போன மருந்து அதேதான், எழுதிய எண்தான் மாறியது. அந்தத் திருத்தத்தால் என்ஐஎஸ்டிமேல் எனக்கு மதிப்பு கூடியதே தவிர குறையவில்லை.

ஆகவே, ஒருமுறை ஒத்துவந்துவிட்டது என்று வருடக்கணக்கில் இருந்துவிடாதீர்கள். அளந்த ஆளும் கருவியும் மாறியிருக்கலாம். டெக்னீசியம்-99எம் 6 மணி நேரத்தில் பாதியாகும், ஃபுளோரின்-18 பாதியாக இரண்டு மணி நேரம்கூட ஆகாது. இவற்றைப் பெட்டியில் போட்டு அனுப்பிப் பயனில்லைதான். அதற்கென்றே செவ்ரிலிருந்து ஒரு பயணக் கருவி உங்கள் வாசலுக்கே வருகிறதே, கூப்பிடுங்கள். நாங்கள் தினமும் ஊசியில் ஏற்றுவது பெரும்பாலும் இந்த இரண்டைத்தான்.

இப்படிக்கு,
ஓர் அணு மருத்துவ இயற்பியலாளன்