டாப்சிலிப்பில் ஒரு கல்லறை

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆனைமலையில் இருக்கும் டாப்சிலிப் போகிறவர்கள் யானைகளைப் பார்த்ததும் திரும்பிவிடுகிறார்கள். அங்கே மவுண்ட் ஸ்டூவர்ட்டில் தேக்குகளுக்கு நடுவே இருக்கும், ஆங்கிலேயர் கால வன அதிகாரி ஹியூகோ வுட்டின் கல்லறையையும் பார்க்க வேண்டும். கப்பலுக்கும் ரயில் கட்டைகளுக்கும் ஆனைமலைத் தேக்கை வெட்டி, மலை உச்சியிலிருந்து சரிவில் உருட்டிவிட்ட காலம் அது. ஊர்ப் பெயரே அப்படி வந்ததுதான். வன அதிகாரியாக வந்த வுட், அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும்படி விட்டு மரம் வெட்டச் செய்தார். கைத்தடியால் மண்ணில் குத்தி, பையிலிருந்து ஒரு தேக்கு விதையைப் போட்டுக்கொண்டே நடப்பாராம். 1933இல் இறந்த அவரை இந்த மரங்களுக்கு நடுவிலேயே அடக்கம் செய்தார்கள். 'என் நினைவுச்சின்னத்தைத் தேடுகிறீர்களா, சுற்றிலும் பாருங்கள்' என்று லத்தீனில் பொறித்திருக்கிறது. சுற்றுலா அழைத்து வரும் ஆசிரியர்கள், வனத்துறையிடம் கேட்டுப் பிள்ளைகளை அங்கேயும் கூட்டிப்போங்கள்.

- ஒரு வாசகர், பொள்ளாச்சி