மட்டக்களப்பு மருத்துவமாதுகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சகோதரிகளே,

என் மகளுக்கு இது ஒன்பதாவது வாரம். போன கிழமை அவளுடைய வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. கர்ப்பப்பைக்குள் முதல் மாதத்திலிருந்தே நல்ல பற்றீரியா குடியிருக்குமாம், குறைந்தால் பிள்ளைக்குத்தான் கேடாம். கடைசியில் ஒரு குளிசைப் போத்தலின் விலை. "கிளினிக்கில மிஸ்ஸியிட்ட கேளு பிள்ளை" என்றேன். கேட்டிருக்கிறாள். "குடிச்சா நல்லதுதானே" என்று பதில் வந்ததாம்.

அந்தக் குரல் முழுதாகக் கதை கட்டவில்லை. 2014இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் 320 நஞ்சுக்கொடிகளைப் பரிசோதித்து, அவற்றில் பற்றீரியாவின் டிஎன்ஏ இருப்பதாக அறிவித்தார்கள். கருப்பை கிருமியற்றது என்ற பழைய பாடம் பொய்த்துவிட்டதென்று பலரும் எழுதினார்கள்.

நான் ஆய்வுகூடத்தில் காலம் கழித்தவன். கிருமி வளர்த்துப் பார்க்கும் ஏகார் தட்டு ஒன்றில் வெறும் வடித்த நீரை மட்டும் தடவி வைப்போம். சில நாள் காலையில் திறந்தால் அதிலும் வெள்ளைப் புள்ளிகள் முளைத்திருக்கும். அது நோயாளியின் கிருமி அல்ல, எங்கள் நீரிலோ கையுறையிலோ வந்தது. டிஎன்ஏ பரிசோதனையில் இது இன்னும் மோசம். இரசாயனப் போத்தலுக்குள் செத்துக் கிடக்கும் பற்றீரியாவின் துணுக்கும் கணக்கில் ஏறிவிடும். மாதிரியில் ஒன்றுமே இல்லாவிட்டால் அந்தத் துணுக்குத்தான் பெரிதாகத் தெரியும்.

2019இல் கேம்பிரிட்ஜ் குழு 537 நஞ்சுக்கொடிகளைக் கவனமாகப் பார்த்தபோது இதுதான் வெளிச்சமானது. கிடைத்தவற்றில் அநேகமானவை பிரசவத்தின்போதோ ஆய்வுகூடத்திலோ ஒட்டியவை. பிரசவ வலிக்கு முன்பே எடுத்தவற்றில் சுமார் 5 சதவீதத்தில் ஒரு வகை ஸ்ட்ரெப்டோகொக்கஸ் இருந்தது. அது நல்ல பற்றீரியா அல்ல, பிறந்த பிள்ளைக்கு நோய் தரக்கூடியது. இன்னொன்று: கிருமியே இல்லாத எலிகளைச் சிசேரியனில் எடுத்து வளர்க்கிறார்களே, தாயின் வயிற்றில் கிருமி குடியிருந்தால் அது நடக்குமா?

ஆரம்ப வாரங்களில் கருப்பையின் உட்சுவரில் சொற்பம் இருக்கலாம் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. சரி, இருந்துவிட்டுப் போகட்டும். அதைக் காட்டிக் குளிசை விற்பதுதான் கூடாது.

கிளினிக்கில் நீங்கள் எடுக்கும் வீடிஆர்எல் இரத்தப் பரிசோதனை வேறு விஷயம். அது தேடும் சிபிலிஸ் என்ற பாலியல் நோயின் கிருமி நஞ்சுக்கொடியைத் தாண்டும். தாயிடமிருந்து பிள்ளைக்கு அது பரவுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று தந்தது. படுவான்கரை ஒழுங்கைகளில் நீங்கள் ஸ்கூட்டியில் அலைந்ததும் அதில் சேர்த்தி. தாய்மார் வகுப்பில் இதைச் சொல்லுங்கள். பிறப்புறுப்பின் உள்ளே கழுவக் கூடாது, காய்ச்சலோ கெட்ட வாடையோ இருந்தால் உடனே வர வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

அடுத்த கிளினிக்குக்கு மகள் வருவாள். கைப்பையில் அந்தப் போத்தல் இருக்கும், வாங்கிவிட்டாள். லேபிளை வாசித்துவிட்டு அவளுக்கு ஒரு பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வுகூட உத்தியோகத்தர் ஒருவர்