பழவேற்காடு முகத்துவாரக் கணினி மாதிரியை எங்கள் பார்வைக்கு வையுங்கள்

பழவேற்காடு முகத்துவாரப் பணியைத் திட்டமிடும் பொறியாளர்களுக்கும், அதற்கான கணினி மாதிரியாய்வை மேற்கொண்டுள்ள அறிஞர்களுக்கும்,

வணக்கம்.

அண்மையில் நடந்த கருத்துக்கேட்புக் கூட்டத்தில், பழவேற்காடு ஏரி கடலில் சேரும் வாயான இந்த முகத்துவாரம், மணலால் அடைபடாதிருக்கக் கடலுக்குள் கட்டும் நேர்கல் சுவர்கள் எழுந்த பின் எப்படி இருக்கும் என்பதை வண்ணப் படங்களாகத் திரையில் காட்டினீர்கள். எந்த மாதத்தில் எடுத்த ஆழ அளவீட்டை இந்தக் கணக்கில் சேர்த்திருக்கிறீர்கள் என்று எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் கேட்டதற்கு, "எல்லாம் மாடலில் வந்திருக்கிறது" என்ற ஒற்றை வரி மட்டுமே பதிலாகக் கிடைத்தது. அந்தப் பதிலை ஏற்க இயலாததால், இவ்வூரில் பிறந்து கட்டுமானப் பொறியியல் படித்தவன் என்ற முறையில் இந்த மடலை எழுதுகிறேன்.

வாய் அடைபடும் மாதங்களில் இங்கே என்ன நடக்கிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆயினும் ஒன்றை மட்டும் சொல்ல விரும்புகிறேன். வலையும் ஐஸ் பெட்டியும் ஏற்றிய ஃபைபர் படகு மணல் திட்டில் தரைதட்டும்போது, இயந்திரத்தைத் தூக்கி வைத்துவிட்டு ஆட்கள் நீரில் இறங்கித் தோள் கொடுத்துத் தள்ள வேண்டும். இயந்திரம் ஓடாத படகை அலைக்கு நேராகத் திருப்பி வைக்க வழியில்லை. திட்டின் மேல் உடையும் அலை பக்கவாட்டில் அடித்தால், தள்ளிக்கொண்டிருப்பவர்கள் மேலேயே படகு கவிழும். கடல்மட்டம் உயரும் ஏற்றத்துக்காகக் காத்திருந்தாலோ மீன் ஏலத்துக்கு நேரத்தில் வந்து சேராது. ஏரிக்குள் பாடு முறைப்படி, அதாவது முறை வைத்து, இறால் பிடிப்பவர்களுக்கும் கடலிலிருந்து குஞ்சுகள் உள்ளே வருவது தடைபடுகிறது. ஆகவே நாங்கள் இத்திட்டத்தின் எதிரிகள் அல்லர். அது பொய்த்துப் போகக் கூடாதே என்று அஞ்சுகிறவர்கள்.

ஏற்றத்தில் ஏரிக்குள் புகுந்து, கடல்மட்டம் தாழும் வற்றத்தில் வெளியேறும் நீரே வாயைக் கழுவித் திறந்து வைக்கிறது. அந்த நீரின் கன அளவுக்கும் வாயின் குறுக்குப் பரப்புக்கும் உள்ள தொடர்பை 1931இல் அமெரிக்கப் பொறியாளர் ஓ'பிரையன் காட்டினார். குறுக்குப் பரப்பு ஓர் எல்லைக்குக் கீழே சுருங்கினால் நீரோட்டம் மேலும் தளர்ந்து வாய் மூடிக்கொள்ளும் என்பதை 1940இல் இன்னொரு பொறியாளரான எஸ்கோஃபியர் விளக்கினார். ஓதம் எனப்படும் இந்த ஏற்றவற்றம் பெரிதாக இருக்கும் நாட்களிலும் நீர்மட்டம் ஏறக்குறைய ஒரு மீட்டர் மட்டுமே ஏறி இறங்கும் இக்கடற்கரையில், ஆரணியாற்றில் வெள்ளம் இல்லாத மாதங்களில் நம் முகத்துவாரம் அந்த எல்லையை ஒட்டியே நிற்கிறது. மழைவெள்ளம் அறுத்துச் சென்ற ஆழத்தை வைத்து மாதிரியை ஓட்டினால், திறந்த வாய் திறந்தே இருக்கும் என்றுதான் அது சொல்லும்.

சில வார ஓதத்தைக் கணக்கிட்டு, அதில் கிடைக்கும் தரை மாற்றத்தை ஒரு பெருக்கெண்ணால் பெருக்கிப் பல ஆண்டுகளுக்கு நீட்டுவது இத்துறையின் வழக்கம்; அதைக் குறை கூறவில்லை. ஆனால் தென்மேற்குப் பருவத்தில் வடக்கேயும் வடகிழக்குப் பருவத்தில் தெற்கேயும் நகரும் மணலுக்கு ஒரே சராசரி அலையைக் கொடுத்துப் பெருக்கினால், வாய் அடைபடும் மாதங்கள் அந்தச் சராசரிக்குள் மறைந்துவிடும். மணல் நகர்வுச் சூத்திரங்கள் உண்மை அளவில் பாதியாகவோ இரு மடங்காகவோ விடை தரக்கூடியவை என்பதும் நீங்கள் அறிந்ததே. அப்படியிருக்க, திரையில் ஒரே ஒரு கரைக்கோட்டை மட்டும் காட்டி இதுதான் நடக்கும் என்றது எப்படி? உள்ளீடுகளை வெளியிடுங்கள் என்று நாங்கள் கேட்பது இதற்காகத்தான்.

ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் இக்கரையில் மணல் வடக்கு நோக்கியே போகிறது. அந்த மணலை மறித்துச் சென்னைத் துறைமுகம் எழுந்த பின் தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் கடலிடம் கரையை இழந்தது. பின்னர் எண்ணூர்த் துறைமுகம் வந்தது, காட்டுப்பள்ளித் துறைமுகம் வந்தது. கடலுக்குள் கல் கொட்டும் ஒவ்வொரு முறையும் வடக்கே இருக்கும் ஊர்தான் கணக்குக்கு வெளியே நிற்கிறது. எங்களுக்கும் வடக்கே ஊர்கள் உண்டு. நாங்கள் பட்டதை அவர்களும் பட வேண்டும் என்று நாங்கள் விரும்பவில்லை. உங்கள் மாதிரியின் எல்லை அவர்கள் கரை வரை நீள்கிறதா என்பதையும் தயவுசெய்து தெரிவியுங்கள்.

ஒடிசாவின் சிலிகா ஏரியில் ஆய்வுகளுக்குப் பின் 2000ஆம் ஆண்டு வெட்டிய புதிய முகத்துவாரம் அந்த ஏரியை மீட்டது; மாதிரியாய்வின் மேல் எங்களுக்கு மதிப்பு உண்டு என்பதற்கு அதுவே காரணம். அங்கும் 2008இல் கடல் தானாகவே இன்னொரு வாயைத் திறந்துகொண்டது. அளந்துகொண்டே இருந்தால்தான் கணக்கு நிலைக்கும்.

எனவே, வரும் கோடையில் முகத்துவாரத்தின் ஆழத்தையும், கடலிலும் ஏரிக்குள்ளும் நீர்மட்டத்தையும் ஒரே காலத்தில் அளந்து, வாய் அடைபடுவதை உங்கள் மாதிரி காட்டுகிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த ஒப்பீட்டையும், உள்ளீடுகளையும், விடையில் இருக்கக்கூடிய ஏற்ற இறக்கத்தையும் தமிழில் வெளியிட்டு, கல் இறக்குவதற்கு முன் மீண்டும் ஒரு கூட்டம் நடத்துமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அளவீட்டுக்குப் படகும், திட்டு எங்கே நகர்ந்திருக்கிறது என்று காட்ட ஆட்களும் எங்கள் ஊரிலிருந்து வருவார்கள்.

இப்படிக்கு,
பழவேற்காட்டு மீனவர் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவன்