குட்டி போடும் முன் ஒரு வார்த்தை: மோப்ப நாய் வளர்ப்பாளர்களுக்குத் திறந்த மடல்

தமிழ்நாட்டில் பிளட்ஹவுண்ட், பீகிள் இனங்களை இனப்பெருக்கம் செய்யும் அன்பர்களுக்கு,

வணக்கம். மோப்ப நாய்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் தொழில். உங்களிடம் வாங்கிய குட்டிகளில் சில, ஒரு வயது நிரம்பும் முன்பே "எதற்கும் லாயக்கில்லை" என்ற பேச்சோடு என் பட்டிக்கு வந்து சேர்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு குறையும் இல்லை, வயதுதான் போதவில்லை. இந்த நாய்கள் மெதுவாக முதிர்பவை. அதற்கேற்றபடி நீங்கள் இணை சேர்க்கவும் குட்டிகளைக் கொடுக்கவும் வேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

எட்டு மாத பிளட்ஹவுண்ட் ஒன்றை ஒருவர் நடந்துபோன வாசனைத் தடத்தில் விட்டால் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். பாதங்கள் மட்டும் பெரிய நாயுடையவை. மூக்கைத் தரையில் வைத்து நாற்பது அடி அருமையாகப் போகும். அங்கே ஒரு சாணிக்குவியல் கிடந்தால் நின்றுவிடும், பட்டாம்பூச்சி பறந்தால் அதன் பின்னால் போகும், பிறகு நடுவழியில் உட்கார்ந்து காதைச் சொறிந்துகொண்டிருக்கும். கயிறு பிடித்தவர் பொறுமை இழந்து அதட்டுவார். அந்த அதட்டலில்தான் நாய் கெடுகிறது. தடம் பிடிப்பது திட்டு வாங்கும் வேலை என்று அது கற்றுக்கொள்கிறது. அதே நாயை இரண்டு வயதில் பாருங்கள்: பல மணி நேரத்துக்கு முன் ஒருவர் நடந்துபோன பாதையில், வேறு பத்துப் பேர் குறுக்கே நடந்திருந்தாலும், தன் ஆளை மட்டும் பிரித்தெடுத்துப் போகும். இடைப்பட்ட அந்தக் காலத்தைக் குட்டிக்குக் கொடுக்கக்கூடியவரிடம்தான் அது போக வேண்டும்.

நம்மவர்களுக்கு நாய் வளர்ப்பில் நல்ல அனுபவம் உண்டு. ஆனால் அந்த அனுபவம் சிப்பிப்பாறை, கன்னி ஆகிய நாட்டு நாய் இனங்களை வளர்த்துப் பெற்றது. அவை கண்ணால் பார்த்துத் துரத்தும் நாய்கள். முயல் எழுந்தால் ஓடும், ஓட்டத்திலேயே தரம் தெரிந்துவிடும். மோப்ப நாயின் தரம் அப்படிக் கண்ணுக்குத் தெரிவதில்லை. வேகத்தையும் சுறுசுறுப்பையும் வைத்துக் குட்டி தேர்ந்தெடுத்தால் தவறான குட்டியே கைக்கு வரும்.

தீவனத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பெரிய இனக் குட்டி என்றாலே கால்சியம் சிரப்பைக் கையில் கொடுத்தனுப்பும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியின் குடலால் வேண்டாத கால்சியத்தைத் தடுத்து நிறுத்த முடியாது. ஊற்றுவதில் பெரும்பகுதி உடம்பில் ஏறிவிடும். எலும்பு வளர்ச்சி கோணலாகும். பெரிய இனக் குட்டிகளுக்கான தீவனத்தில் தேவையான கால்சியம் ஏற்கெனவே இருக்கிறது. குட்டி கொழுகொழுவென்று இருந்தால் வாங்குபவர் மகிழ்வார், மூட்டுகள்தான் அந்தப் பாரத்தைச் சுமக்கும். விலா எலும்பு கைக்குத் தட்டுப்படும் அளவுக்கு ஒல்லியாகவே வளருங்கள். பிளட்ஹவுண்டின் எலும்பு வளர்ந்து முடிய ஏறக்குறைய ஒன்றரை வயதாகிறது. அதுவரை பைக்குக்குப் பின்னால் ஓட விடுவதும், மொட்டை மாடிப் படிகளில் ஏற்றி இறக்குவதும் வேண்டாம். நெஞ்சு ஆழமான இனம் என்பதால் வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. சில மணி நேரத்தில் உயிரே போய்விடும். ஒரே வேளையில் வயிறு முட்டப் போடாமல் பிரித்துப் போடுவதையும், சாப்பிட்டவுடன் ஓட விடக் கூடாது என்பதையும் குட்டி வாங்குபவரிடம் எழுதியே கொடுங்கள்.

அடுத்தது தாய் நாயின் வயது. 2017-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் 18 மாதம் ஆகாத பெண் நாயை இணை சேர்க்கக் கூடாது என்கின்றன. 8 வாரம் ஆகாத குட்டியை விற்கவும் தடை உண்டு. சட்டம் சொல்வது குறைந்தபட்சம்தான். இடுப்பு மூட்டு எக்ஸ்ரேயை வைத்து இறுதிச் சான்று தரும் அமெரிக்க அமைப்பு, 24 மாதம் நிறையாத நாய்க்கு அதைத் தருவதில்லை. அப்படியிருக்க, 18 மாதத்தில் சினையான தாயின் மூட்டைப் பற்றி வாங்குபவரிடம் என்ன உறுதி சொல்வீர்கள்? அது தடத்தில் தேறுமா என்பதும் அந்த வயதில் தெரியாது. ஒரு பருவம் தள்ளிப்போனால் வருமானமும் தள்ளிப்போகும், அதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் காத்திருங்கள்.

ஜெர்மனியில் ஹானோவர் மோப்ப நாயை வளர்ப்பவர்கள் 1894-இல் சங்கம் அமைத்தார்கள். அடிபட்டு ஓடிய மானை இரத்தத் தடத்தில் தேடிக் கண்டுபிடிப்பதே அந்த நாயின் வேலை. அந்த வேலை தொடர்ந்து கிடைக்கும் வனக்காவலருக்கும் வேட்டைக்காரருக்கும்தான் குட்டி. பணம் மட்டும் இருந்தால் கிடைக்காது. காங்கோவின் விருங்கா தேசியப் பூங்காவில் 2011 முதல் பிளட்ஹவுண்டுகள் வேட்டைத் திருடர்களின் தடம் பிடிக்கின்றன. அங்கும் நாய்க்கு முன்பே வேலை காத்திருந்தது. இங்கோ இரண்டு படுக்கையறைப் பிளாட்டுக்குப் பீகிள் போகிறது. கூட்டமாக முயல் துரத்துவதற்கென்றே உருவான நாய் அங்கே நாள் முழுக்கத் தனியாக ஊளையிடுகிறது. அக்கம்பக்கத்தார் புகார் சொன்னதும் கைமாறுகிறது.

பிளட்ஹவுண்டைச் சமவெளியில் விற்பவர்களுக்கு இன்னொன்று. 2024-இல் வந்த தமிழ்நாடு நாய் இனப்பெருக்கக் கொள்கை, நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாதவை என்று பாசெட் ஹவுண்ட் உள்ளிட்ட சில இனங்களின் இனப்பெருக்கத்துக்குத் தடை அறிவித்தது. தொங்கும் காது, மடிப்புத் தோல் இரண்டிலும் பிளட்ஹவுண்ட் அதற்குச் சளைத்ததல்ல. சென்னையின் புழுக்கத்தில் காதுக்குள் சீழ் வைத்த நாய்களை நிறையப் பார்த்துவிட்டேன். என் கருத்தில் இது நீலகிரி, வால்பாறை, கொடைக்கானல் பக்கம் வேலை இருப்பவர்களுக்கான நாய்.

காவல்துறை, வனத்துறை மோப்ப நாய்ப் பிரிவினருக்கும் ஒரு வேண்டுகோள். அல்சேஷனுக்கு வைக்கும் கால அட்டவணையை இந்த நாய்களுக்கு வைக்காதீர்கள். "உட்கார், நில்" பயிற்சியை முதல் ஆண்டிலேயே அழுத்திச் செய்தால் நாய் தரையை விட்டுவிட்டு உங்கள் முகத்தையே பார்க்கத் தொடங்கும். தென்னை மரத்துக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்திருக்க, குட்டி அவரைத் தேடிப் போய்த் தின்பண்டம் வாங்கித் தின்னும் விளையாட்டு முதலில் போதும். வளர்ந்த நாயையும் எடுத்துப் பாருங்கள். 1984-இல் லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்தில் தொடங்கிய அமெரிக்க வேளாண் துறையின் பீகிள் படைக்குக் காப்பகங்களிலிருந்தும் வீடுகளிலிருந்தும் வந்த நாய்களே சேர்க்கப்பட்டன. பயணிகளின் பெட்டிக்குள் இருக்கும் பழத்தையும் இறைச்சியையும் அவை காட்டிக்கொடுத்தன.

வளர்ப்பாளர்களே, விற்பனைத் தாளில் ஒரு வரி சேருங்கள்: எந்த வயதிலும், எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம் என்றால் நாயைத் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று. அதை எழுதக் கை தயங்கினால், இந்த ஈற்றில் பிறக்கப்போகும் குட்டிகளில் எத்தனைக்கு இடம் இருக்கிறது என்று இணை சேர்க்கும் முன்பே எண்ணிப் பாருங்கள். இரண்டு வயது தாண்டிய தாய் நாயோ தந்தை நாயோ உங்களிடம் இருந்தால், எக்ஸ்ரேயோடு ஒரு விடியற்காலை அழைத்து வாருங்கள். தடத்தில் விட்டுப் பார்த்து, கண்டதைக் கண்டபடி எழுதித் தருகிறேன். அதற்குக் கட்டணம் வேண்டாம்.

இப்படிக்கு,
மோப்ப நாய்ப் பயிற்றுநர் ஒருவர்,
கோயம்புத்தூர்