பாராவிங் சொல்லிக்கொடுத்த பெயர் தெரியாத நண்பருக்கு நன்றி

அமெரிக்காவின் ஓரிகான் மாநிலம் ஹூட் ரிவரில், கொலம்பியா ஆற்றங்கரையில், பாராவிங் (காற்றைப் பிடித்து, தண்ணீரில் பலகைமேல் நிற்பவரை இழுத்துச் செல்லும் துணி இறக்கை) பழக வந்தவர்களுக்குத் தாமாகவே சொல்லிக்கொடுத்துவிட்டு, பெயர்கூடச் சொல்லாமல் போனவருக்கு நன்றி. அவர் சொன்னது அடுத்து வருபவர்களுக்கும் உதவும்.

பாராவிங்குக்குக் காற்றடிக்கும் பம்ப் வேண்டாம். ஒற்றைத் துணி, மெல்லிய கயிறுகள், ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். வம்பே அந்தக் கயிறுகளில்தான். இறங்குமுன் கைப்பிடியிலிருந்து துணிவரை விரலால் உருவிப் பாருங்கள். முன்கயிறு பின்கயிற்றைச் சுற்றியிருந்தால் துணி சரியாக விரியாமல் சுழன்று விழும்.

விரிந்ததும் பலரும் பின்கையை இறுக்கி இழுக்கிறார்கள். அப்படி இழுத்தால் துணி பின்னோக்கிச் சரிந்து, இழுவை செத்துவிடும். கொஞ்சம் தளர்த்தினால் காற்று தானே பிடிக்கும். தலைக்கு மேலே ஏற்றவும் வேண்டாம். 75 கிலோ ஆளுக்கு 15 முதல் 20 நாட் (மணிக்குச் சுமார் 28 முதல் 37 கிலோமீட்டர்) காற்றில் 4, 5 சதுர மீட்டர் துணி போதும். பலகை மட்டும் ஆளைத் தாங்கி மிதக்கிற அளவில் இருக்கட்டும்.

கோடையில் மேற்கிலிருந்து வரும் காற்று ஆற்றோட்டத்துக்கு எதிராக வீசுவதால் அங்கே அலை நன்றாக எழும். ஃபாயில் (பலகைக்கு அடியில், நீருக்குள் இருக்கும் இறக்கை) அலையில் ஓடத் தொடங்கியதும் முன்கயிறுகளைப் பிடித்து, கைமாற்றிக் கைமாற்றித் துணிவரை சுருட்டி, இடுப்புப் பையில் திணித்துவிடலாம். இதை முதலில் கரையில் நின்றே பழகச் சொன்னாரே, அதற்குத் தனி நன்றி.